பத்துக்கு எத்தனை

மிஸ்ஸி ஓர் அட்டையை நீட்டினாள்.
ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது,
கடைசி முகம் அழுகிறது.
பத்துக்கு எத்தனை, விரலை வையுங்கள் என்றாள்.

எங்கே வைப்பது?
இது வலியே இல்லை, மிஸ்ஸி.
மத்தியானம் மூன்று மணிக்கு மேல்
உள்ளே இருந்தது ஏதோ
வாசல்வரை வந்து நிற்கும்.
கிளம்புகிறேன் என்று எழுந்த விருந்தாளி நிற்பாரே, அப்படி.
போவதுமில்லை, உட்காருவதுமில்லை.

பதினொரு வருஷம் அதோடுதான்
பகாவ் பாசாருக்குப் போய்வந்தேன்.
இருமும்போது காலைப் பின்னிக்கொள்வேன்.
சிரிக்கும்போதும்.
தீமிதிக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தும்
கக்கூஸ் பக்கமாகவே நின்றேன்.
சன்னாசியிடம் முட்டிவலி என்று சொல்லிவைத்திருந்தேன்.
தைலம் வாங்கி வந்தார்.
அதையும் தேய்த்துக்கொண்டேன்,
முட்டியில்.

டாக்டர் சின்னப் பெண்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டாள்.
தொட்டில் மாதிரி இருந்தது.
துணி நைந்துவிட்டது, இழுத்துத் தைக்க வேண்டும் என்றாள்.
நாலு பிள்ளைகளைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.
செம்பனைக் காட்டில் இருபத்திரண்டு வருஷம்
குனிந்து கொட்டை பொறுக்கியதை,
கோணி தூக்கியதை
நானாகத்தான் சொன்னேன்.
"எத்தனை கிலோ இருக்கும்?"
தண்டலும் தினம் இதே கேள்வியைத்தான் கேட்டார்.
அவர் எழுதிக்கொள்ளக் கேட்டார்.
இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.
மறுநாள் உள்ளே வைத்த துணியை உருவுவார்கள்,
அது கொஞ்சம் வலிக்கும்.
மூத்திரக் குழாயை எடுக்கும்போது கொஞ்சம்.
வலது பிட்டத்தில், சிலருக்கு ஆறு வாரம்வரை,
யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி
கொஞ்சம்.
எத்தனை கொஞ்சம் சேர்ந்தால் நிறைய
என்று கேட்க வாயெடுத்தேன்.
வெளியே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நாசி லெமாக் விற்கும் ரொஹானாதான் சொன்னாள்,
போன வருஷம் பண்ணிக்கொண்டவள்.
சாக்கிட், சிக்கிட் இரண்டையும்
ஆஸ்பத்திரியில் ஒட்டியே சொல்வார்கள்,
நம்பாதே.
நாலாம் நாள் கக்கூஸில் சுவரைப் பிடித்துக்கொள்.
தையல் பிய்ந்துவிட்டது என்றே தோன்றும்.
பிய்யாது.
பப்பாளி சாப்பிடு, முக்காதே.
அப்புறம் இலையை மடித்துக்கொண்டே,
மூன்றாம் வாரம் எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும்,
அன்றைக்குத்தான் நீ வாளியைத் தூக்குவாய்.
காசு வாங்கவில்லை.
சம்பல் கூட வைத்திருந்தாள், அதுதான் வேண்டாமென்றாளே, காரம்!

நாளைக் காலை கோலப்பிலாவுக்கு வேன்.
பையில் இரண்டு கைலி, துவாலை, பெரிய பேட், அடையாளக் கார்டு.
பத்துக் கிலோ அரிசியைப் பிரித்துச்
சின்ன டின்களில் கொட்டிவைத்தேன்.
கொட்டும்போதுதான் அவரிடம் சொன்னேன்.
முட்டி இல்லை. எது என்று.
பெயர் வராமல் கையால் காட்டினேன்.
ரொம்ப நேரம் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்போ அந்தத் தைலம்?"

காலைப் பின்ன மறந்து சிரித்துவிட்டேன்.
கைலி மாற்ற வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது
கேத்தலில் பாதித் தண்ணீர் பிடித்து நிறுத்திவைத்திருந்தார்.
"இவ்வளவு தூக்கலாமா?"
ஆறு வாரத்துக்கு அவ்வளவுதான் என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
இன்னும் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கீழே ஊற்றினார்.

விளக்கை அணைத்துப் படுத்திருக்கிறேன்.
லோரி ஒன்று குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகிறது,
ஜன்னல் அதிர்கிறது.
பயந்துகொண்டே அவசரப்படும் முகம்
அந்த அட்டையில் இல்லை, மிஸ்ஸி.

வாசலில் நிற்பவளே,
இத்தனை வருஷம் போகவுமில்லை நீ.
உள்ளே வா.
கதவைச் சாத்தப் போகிறார்கள்.